இரட்டை வால் மீனைப் படமெடுத்த ஃபிளாஷ் அக்கா

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நகரத் தலைவர் அவர்களே! அவர் அருகே வீற்றிருக்கும் அவருடைய மூத்த சகோதரி, நம்மில் பாதிப் பேருக்குப் பாடம் சொல்லித்தந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை அவர்களே! எத்தனை முறை அழைத்தும் மேடைக்கு வராமல் முன்வரிசையிலேயே உட்கார்ந்துவிட்ட தையல்கார மாமா அவர்களே! படகுத்துறைத் தோழர்களே, எங்கள் புகைப்படக் கலைஞர் சங்கத்து உறவுகளே, தாய்மார்களே, பெரியோர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

அழுவதற்காக நான் இந்த ஒலிவாங்கியின் முன் வந்து நிற்கவில்லை. அழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டேன். இங்கே பெருமை பேச வந்திருக்கிறேன். கடற்கொள்ளையர் பதுங்கிய குகைகளை முப்பது ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படமெடுத்தவர், இந்தக் கடற்கரையின் கண், நம் ஃபிளாஷ் அக்கா! அவரைப் பற்றிப் பேசும்போது என் குரல் தழுதழுத்தால் அவருக்கே பிடிக்காது. "தம்பி, ஆடாம நில்லு. ஆடினா படம் கலங்கிடும்" என்பார்.

மேடையில் வைத்திருக்கும் இந்தப் படத்தைப் பாருங்கள். அக்காவின் கண்கள் மூடியிருக்கின்றன. இந்த ஊரில் எத்தனை பேரை உட்கார வைத்து "கண்ண மூடாதீங்க, மூடாதீங்க" என்று அதட்டியவர்! அவருடைய படம் ஒன்று வேண்டும் என்று தேடினால், வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை. கடைசியில் படகில் நான் எடுத்த இது ஒன்றுதான் கிடைத்தது. அலை முகத்தில் அடித்த நொடி. நான் கல்யாணப் படம் எடுப்பவன். ஆயிரம் மாப்பிள்ளைகளை அசையாமல் நிறுத்தியிருக்கிறேன். இந்த ஒரு அம்மாளை என்னால் நிறுத்த முடிந்ததில்லை.

அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கடைத்தெருவில் அவர் கடவுச்சீட்டுப் படம் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் கோதி, "ரெடி" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஃபிளாஷ் அடித்துவிடுவார். "யோசிக்க விட்டா எல்லாரும் பொய்யா ஒரு மூஞ்சி வெச்சுக்கறாங்க" என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் குகைக்குள் நுழைந்துவிட்டால் ஃபிளாஷைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே மாட்டார். "ஃபிளாஷ் அடிச்சா படத்துல பாறைதான் விழும். குகை விழாது" என்பார். தன் கணவர், நம் மாமாவின் தையல் கடையிலிருந்து வெள்ளை லைனிங் துணியைக் கொண்டுவருவார். குகை வாயில் நான் ஒரு முனை, படகுக்காரர் ஒரு முனை என்று பிடித்து நிற்போம். வெயில் அந்தத் துணியில் பட்டு உள்ளே போகும். கேமராவின் கண்ணைத் திறந்து வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார். எங்களுக்குக் கை கடுக்கும். வாய் திறந்தால் திட்டு விழும்.

இந்தப் பைத்தியம் அவருக்கு எப்போது பிடித்தது தெரியுமா? என்னோடு ஒரு கல்யாணத்துக்கு வந்தபோதுதான்!

அப்போது நான் தொழிலுக்குப் புதிது. கடற்கரையில் ஒரு கல்யாணம். இரண்டாவது கேமராவுக்கு ஆள் வேண்டுமென்று அக்காவைக் கூப்பிட்டேன். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மணமக்கள் கூடாரத்துக்குள் ஓடினார்கள். அக்கா எதிர்ப்பக்கம், பாறை இடுக்குக்குள் ஓடினார். மழை விட்டது. மாப்பிள்ளை வந்தார், பெண் வந்தாள், அக்காவைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், பாறைக்குள் தலையை அண்ணாந்து நிற்கிறார்.

"தம்பி, மேல பாரு. சுவத்துல ஒரு இரும்பு வளையம்."

"அக்கா, மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்காருக்கா!"

"இருக்கட்டும். எட்டாத உயரத்துல வளையத்தை எதுக்கு அடிச்சான்? எதைக் கட்டினான்?"

எனக்கு என்ன தெரியும்! அக்கா தானே யோசித்துக் கண்டுபிடித்தார். கடல் ஏறும்போது தண்ணீர் அந்த வளையம் வரைக்கும் வரும். அப்போது படகை உள்ளே ஓட்டி வந்து கட்டிவிட்டால், கடலில் போகும் எந்தக் கப்பலுக்கும் தெரியாது. அது கொள்ளையர்கள் படகை ஒளித்து வைத்த இடம்! அன்றைக்குக் கல்யாணப் படச்சுருளைக் கழுவிப் பார்த்தால், பாதிக்கு மேல் இரும்பு வளையம். மாப்பிள்ளையின் அப்பா என் கடைக்கு வந்து, "தம்பி, இதுல எங்க பையன் எங்க?" என்று கேட்டார்.

அன்று தொடங்கியது. வாரம் முழுக்க ஸ்டுடியோ, கடல் உள்வாங்கும் நாளில் குகை. நடந்து போக முடிந்த இடத்துக்கு நடந்தார். முடியாத இடத்துக்குப் படகில் போனார். மாமா தார்ப்பாய்த் துணியில் இரட்டைத் தையல் போட்டு, கேமராவுக்குத் தண்ணீர் புகாத பை தைத்துக் கொடுத்தார். மாமாவுக்குக் கடல் என்றால் பயம். படகுத்துறைப் படிக்கட்டில் மேல் படியில் நின்று வழியனுப்புவார். கீழ்ப் படிக்கு இறங்க மாட்டார்.

ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "புதையல் கிடைச்சுதா?" அக்காவும் சளைக்காமல் சொல்லுவார். "கிடைச்சுது. கூரையில புகைக் கரி கிடைச்சுது. மழைத் தண்ணி பிடிக்கப் பாறையில வெட்டின தொட்டி கிடைச்சுது. தொட்டில் கட்டக் குடைஞ்ச ஓட்டை ரெண்டு கிடைச்சுது." தொட்டில்! கொள்ளைக்காரன் என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? கத்தி, தாடி, ஒற்றைக் கண்! அங்கே ஒரு குழந்தை தூங்கியிருக்கிறது என்று யார் நமக்குச் சொன்னது? இந்த அம்மாள் சொன்னார்! காவல் துவாரம் ஒன்றில் கல் வழவழப்பாக இரண்டு பள்ளமாகத் தேய்ந்திருக்கும். என்ன அது? கப்பல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் முழங்கை ஊன்றிய இடம். அக்கா தன் முழங்கையை அதே பள்ளத்தில் ஊன்றிக்கொண்டுதான் அந்தப் படத்தை எடுத்தார். "தோதா இருக்கு தம்பி, எனக்குன்னே தேய்ச்சு வெச்ச மாதிரி" என்றார்.

அன்பர்களே! இப்போது நான் ஒரு மீனைப் பற்றிப் பேச வேண்டும். இதைப் பேசட்டுமா என்று தலைவர் ஐயாவிடம் காலையிலேயே கேட்டுவிட்டேன். "விடாம முழுசா பேசுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் துணிச்சலாகப் பேசுகிறேன்.

கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே இருக்கும் பெரிய பாறை உங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டக் கல் வேண்டும், அந்தப் பாறையை வெடி வைத்து உடைக்கலாம் என்று நகரமன்றம் முடிவெடுத்திருந்த நேரம். பக்கத்தில் இருந்த சின்னப் பாறையை அதற்குள் உடைத்தே விட்டார்கள். அதிலும் ஒரு குகை இருந்தது. அக்கா போய்ச் சேர்ந்தபோது பாதிச் சுவரும் வெடிமருந்துத் துளைகளும்தான் மிச்சம். அதையும் படமெடுத்தார்.

அடுத்த முறை கடல் உள்வாங்கியதும் பெரிய பாறைக்குள் போனோம். நான் சொன்ன தண்ணீர்த் தொட்டியும் தொட்டில் ஓட்டைகளும் இருப்பது அங்கேதான். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன் செதுக்கியிருந்தது. ஒரே தலை, இரண்டு வால். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அது எங்கே இருக்கும் மீன் என்று தெரியும். இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? தலைவர் ஐயா வீட்டு வாசல் நிலைக்கு மேலே, தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பச் சின்னம் அது! கடற்கொள்ளையரை அடித்து விரட்டி ஊரைக் காத்த மாவீரரின் சின்னம் என்று பள்ளியில் நாமெல்லாம் படித்த மீன்! அவர் பெயரில் தெருவே இருக்கிறது.

கொள்ளையரை விரட்டியவரின் மீன், கொள்ளையர் வீட்டுச் சுவரில் என்ன செய்கிறது?

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? பத்திரிகைக்குக் கொடுத்திருப்பார். அல்லது பயந்துபோய் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார். அக்கா அந்தப் படத்தை உறையில் போட்டு, "வா தம்பி, துணைக்கு" என்று என்னை அழைத்துக்கொண்டு நேரே தலைவர் ஐயா வீட்டுக்குப் போனார். "அவங்க வீட்டுச் சங்கதி. ஊர் பாக்கறதுக்கு முன்னாடி அவங்க பாக்கணும். அதுதான் மரியாதை" என்றார்.

தலைவர் ஐயா டீ கொடுத்து உபசரித்தார். படத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது எங்க மீன் இல்லைங்க. மீன்னா எல்லா மீனும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

"ரெண்டு வாலோட நான் வேற எங்கயும் பாக்கலைங்க."

"சரிங்க. கண்காட்சி வைங்க. நகரமன்றக் கூடத்தையே தரேன். நானே வந்து திறந்து வைக்கறேன். இந்த ஒரு படம் மட்டும் வேண்டாம்."

"இதை விட்டுட்டு மத்ததை மாட்டினா, மத்ததும் பொய்யாயிடுங்க. பாறையையும் உடைச்சுடுவாங்க. அப்புறம் இந்தப் படம் ஒண்ணுதான் சாட்சி."

ஐயா படத்தை உறைக்குள் போட்டு அக்கா பக்கம் தள்ளினார். பிறகு, "உங்க ஸ்டுடியோ எங்க கட்டடத்துலதான் இருக்குங்கறதை மறந்துடாதீங்க" என்றார்.

அக்கா மிச்ச டீயைக் குடித்தார். கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார். "டீ ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. கடைச் சாவியை நாளைக்குக் கொண்டுவந்து தரேன்" என்று எழுந்துவிட்டார்.

தலைவர் ஐயா சிரிக்கிறார், பாருங்கள்! அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை ஐயா!

மறுநாள் காலையில் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. ஸ்டுடியோவிலிருந்து என் கடைக்கு ஊர்வலம்! முக்காலி போகிறது, விளக்குகள் போகின்றன, நீர்வீழ்ச்சி வரைந்த திரைச்சீலை போகிறது. பாதித் தெருவில் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, இன்றே படம் வேண்டும் என்றார். அக்கா "சரி, நில்லுங்க" என்றார். ஒரு வெள்ளைத் துணியை நானும் மாமாவும் நடுத்தெருவில் விரித்துப் பிடித்தோம். சைக்கிள்காரர்கள் மணி அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். பளிச்! முடிந்தது. அந்த மனிதர் இன்றைக்கும் கப்பலில்தான் இருக்கிறார்.

அடைத்தால் அடைபடுகிறவரா அவர்? கூடம் இல்லையென்றால் கண்காட்சி இல்லாமல் போய்விடுமா? என் கடையில் கல்யாண ஜோடிகளை எல்லாம் கழற்றிவிட்டுக் குகைகளை மாட்டினோம். இடம் போதவில்லை. பக்கத்தில் மாமாவின் தையல் கடை. அங்கே கொடியில் பாதி தைத்த சட்டைகளுக்கு நடுவே கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கியபடியே படம் பார்த்தார்கள். "மாமா, சட்டை மெதுவா தைங்க, பாத்துட்டுப் போறேன்" என்றார்கள். இரட்டை வால் மீன் வெட்டு மேசைக்கு நேர் எதிரே இருந்தது. அடியில் அக்கா எழுதியது ஒரே வரி: பெரிய பாறையின் உட்சுவர், தண்ணீர்த் தொட்டிக்கு மேல். அவ்வளவுதான். யாரையும் குற்றம் சொல்லவில்லை. யார் பெயரையும் இழுக்கவில்லை.

ஆனால் ஊர் பேசியது. குடும்பத்தைக் கேவலப்படுத்துகிறாள் என்றார்கள். காசு வாங்கிக்கொண்டு அவளே செதுக்கினாள் என்றுகூடச் சொன்னார்கள். ஒருநாள் மாமாவின் கடைக் கண்ணாடியில் யாரோ கல்லெறிந்தார்கள். மாமா துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே, "படத்தை இறக்கிடலாமா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா, "உங்க கடைங்க. நீங்க சொன்னா இறக்கிடறேன்" என்றார். மாமா துடைப்பத்தை வைத்துவிட்டு நெடுநேரம் அந்த மீனைப் பார்த்தார். "இருக்கட்டும். எனக்கும் பழகிடுச்சு" என்றார். அன்பர்களே! அக்காவின் துணிச்சலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்த ஒரு வாக்கியத்தின் துணிச்சலை யார் பேசுவது?

அந்த வாரம்தான் தலைமை ஆசிரியை அம்மா ஒரு ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார். தன் குடும்ப மீனைக் கண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். திடீரென்று ஒரு சிரிப்பு! கடையே குலுங்கியது.

"அட கடவுளே! இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்கு நான் தலைகீழா இல்ல சொல்லிக் குடுத்திருக்கேன்!"

அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டார். "டேய், உடனே தையல் கடைக்கு வா. நம்ம பழைய வீட்டை வந்து பாரு… என்னடா அவமானம்? கொள்ளையடிச்சது அவங்க, ஒளிஞ்சது அவங்க. நீ எதுக்குடா இப்ப ஒளிஞ்சுக்கற?"

தலைவர் ஐயா வந்தார். கூட்டம் வழிவிட்டது. மீனின் முன்னால் நின்றார். எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை. அக்கா பக்கத்தில் போய் நின்றார். கடைசியில் ஐயாதான் கேட்டார்.

"இதை நேர்ல பாக்க முடியுங்களா?"

"சனிக்கிழமை கடல் உள்வாங்கும். பாறை வழுக்கும், ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு வாங்க."

போனார். என் கண்ணால் பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து உள்ளே போனார். சுவரில் கையை வைத்தார். விரல் அந்த மீனின் மேல் போனது. "அந்தத் தொட்டில் ஓட்டை எங்க இருக்கு?" என்று கேட்டார். அக்கா காட்டினார். அதையும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது, "அந்தப் பிள்ளை வளர்ந்துதான் நாங்களா?" என்றார். அக்கா, "அது எனக்குத் தெரியாதுங்க. இருக்கறதைத்தான் நான் எடுப்பேன்" என்றார்.

அடுத்த நகரமன்றக் கூட்டத்தில், தான் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தைத் தானே எழுந்து நின்று ரத்து செய்தவர் இந்தத் தலைவர்! கல் வேறு இடத்திலிருந்து வந்தது. அலைதடுப்புச் சுவர் நிற்கிறது. பெரிய பாறையும் நிற்கிறது! ஸ்டுடியோ சாவியைத் திருப்பிக் கொடுக்கவும் வந்தார். அக்கா, "இங்கயே பழகிடுச்சுங்க" என்று மறுத்துவிட்டார். எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மீன் பொய் என்று சொல்கிறவர்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அக்கா அவர்களுக்கும் அதே முகத்தோடுதான் கடவுச்சீட்டுப் படம் எடுத்துக் கொடுத்தார்.

கடல் அவரை எத்தனையோ முறை உருட்டிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் கரைக்குத் திருப்பி அனுப்பியது. நுரையீரல் நோய்தான் அவரைப் படுக்க வைத்தது. படுத்த பிறகும் ஒரே கவலை. வடக்கு முனையில் ஒரு குகை, ஆண்டில் ஒருமுறை கடல் வெகுதூரம் உள்வாங்கும்போதுதான் வாசல் தெரியும். அந்த நாள் வந்துகொண்டிருந்தது. நான் போகிறேன் என்றேன். "நீ போனா குகையையும் மாப்பிள்ளை மாதிரி எடுத்துக்கிட்டு வருவே" என்றார். மாமாவைப் பார்த்தார்.

மாமா சொன்னார்: "நான் போறேன்."

கீழ்ப் படிக்கு இறங்காத மாமா! அக்கா மருத்துவமனையிலேயே பாடம் நடத்தினார். கட்டிலுக்கு அடியில் இருக்கும் இருட்டுதான் குகை. மாமா தரையில் குப்புறப் படுத்து, உள்ளே கிடந்த செருப்பைப் படமெடுக்க வேண்டும். மேலிருந்து அக்காவின் குரல்: "மூச்சை அடக்கிக்கிட்டு அழுத்துங்க… இன்னும் அடக்குங்க…" உள்ளே வந்த நர்ஸ் திடுக்கிட்டுப் போய், "ஐயா, கீழ என்ன பண்றீங்க?" என்றார். மாமா வெளியே வராமலேயே, "குகைக்குள்ள இருக்கேம்மா" என்றார். அக்கா சிரித்துச் சிரித்து இருமினார்.

படகில் மாமா கண்ணைத் திறக்கவேயில்லை. இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். வாந்தி எடுத்தார். ஆனால் குகை வாயில் வந்ததும் கண்ணைத் திறந்தார், கேமராவை வாங்கினார், என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனார். தண்ணீர் திரும்பும் வரைக்கும் எடுத்தார்.

படங்களை அக்காவின் படுக்கையில் பரப்பினோம். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாத்துலயும் கடல் சாய்ஞ்சு ஓடுது" என்றார்.

"துணின்னா நேரா வெட்டுவேன். கடலை எப்படி நேரா வெட்டறது?" என்றார் மாமா.

ஒரு படத்தை மட்டும் தனியே எடுத்து நெடுநேரம் வைத்திருந்தார். உள்ளிருந்து வாசலைப் பார்த்து எடுத்த படம். ஈரச் சுவர் முழுக்க வெளிச்சம். "வெளிச்சத்தைப் பிடிச்சிட்டீங்க. எனக்கே இப்படி விழுந்ததில்ல" என்றார். அக்கா யாரையும் சும்மா பாராட்டுகிறவர் இல்லை. மாமா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சில நாள்களில் அக்கா நம்மை விட்டுப் போனார்.

அன்பர்களே! அவர் விட்டுச்சென்றது என்ன? கண்ணீரா? இல்லை! வேலை! இந்தக் கரையில் அவர் கால் வைக்காத குகைகள் இன்னும் இருக்கின்றன. எடுத்த குகைகளையும் அலை ஒவ்வொரு பருவத்திலும் தின்றுகொண்டிருக்கிறது. அவற்றைத் திரும்ப எடுக்க வேண்டும். எங்கள் சங்கம் இந்த மேடையில் வைத்து உறுதி சொல்கிறது. கடல் உள்வாங்கும் ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவர் அங்கே இருப்பார். இருப்பதை எடுப்போம். பிடித்ததை மட்டும் எடுக்க மாட்டோம். யாருக்குக் கசந்தாலும் மறைக்க மாட்டோம். யார் வீட்டுச் சங்கதியாக இருந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். நகரமன்றக் கூடத்தில் அக்காவின் படங்களுக்கு நிரந்தர இடம் உண்டா என்பதைத் தலைவர் ஐயா அறிவிப்பார். அதை நான் முந்திச் சொல்லப் போவதில்லை.

என்னால் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன். வரும் சனிக்கிழமை காலை படகு புறப்படுகிறது. படகுக்காரர் வருகிறார். நான் வருகிறேன். எங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். கேமராவோடு மாமா வருகிறார். ஆம், மாமாதான்! நேற்று அவரே என் கடைக்கு வந்து கேட்டார்.

படகில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. வெள்ளைத் துணியின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. கை கடுத்தாலும் வாய் திறக்காமல் நிற்கத் தெரிந்தால் போதும்.

யார் வருகிறீர்கள்?